வாக்கியம் முடியவில்லை

என் மனைவி மேபலைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று நாவலப்பிட்டியில் ஒரு பேச்சு உண்டு. முப்பத்தொரு வருடம் புகையிரதத்தில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், யாகப்பர். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு அவசியமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்.

மேபல் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து தமிழுக்கும். கண்டியில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறிப்போனதால் கடவுச்சீட்டு கிடைக்காமல் புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து அலைந்து வருகிறவர்களுக்கு முதலில் கதிரையை இழுத்துப் போடுவாள். தேத்தண்ணீர் சொல்லியனுப்பிவிட்டுத்தான் பேப்பரைக் கையில் வாங்குவாள். ஓய்வு பெற்றபின் நானும் தினமும் அவளோடு காலை ரயிலில் கண்டிக்குப் போய், கோப்புகளை அடுக்கிக் கொடுத்து, பின்னேரம் அவளோடு திரும்பி வந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது உயிர்த்த ஞாயிறன்று என் தம்பி ரொனியின் மகள் நதீஷா நீர்கொழும்பில் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனாள். பத்தொன்பது வயது. பாடகர் குழுவில் இருந்தாள். அன்று ரொனிக்குக் காய்ச்சல், அவன் வீட்டில் இருந்துவிட்டான். குண்டு வெடித்த சத்தம் அவன் படுத்திருந்த கட்டில்வரை கேட்டதாம். மனைவியை முன்னமே இழந்தவனுக்கு அவள் ஒருத்திதான் பிள்ளை. அடக்கம் முடிந்தபின் அவனை அங்கே தனியாக விட மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்னறையில் இருப்பான். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். கண் அதில் இருக்கும், ஆனால் என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூலை மாதம் மேல் நீதிமன்றத்திலிருந்து மேபலுக்கு ஒரு கடிதம் வந்தது. கலகெதரப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கும் அரூஸ் என்ற ஆசிரியர் மே மாதம் கைதாகியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்கிறவர். அந்தப் பிரசங்கத்தில் மற்ற மதத்தவரைக் கொல்லத் தூண்டினார், குண்டு வைத்த பயங்கரவாதக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார் என்று வழக்கு. அத்தாட்சி, முகப்புத்தகத்தில் பரவிய முப்பத்தெட்டு நொடி ஒலித்துண்டு ஒன்று. பொலிஸ் தரப்பு செய்த சிங்கள மொழிபெயர்ப்பில் எதிர்த்தரப்பு குறை சொல்லவே, நீதிபதி இன்னொரு மொழிபெயர்ப்புக் கேட்டிருந்தார். பட்டியலில் அடுத்த பெயர் மேபலுடையது.

அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெரியாது.

ரொனி பிசைந்த சோற்றை அப்படியே விட்டுக் கையை உதறினான். "அண்ணி, நீங்க அவனுக்காகவா எழுதப் போறீங்க?"

"நான் யாருக்காகவும் எழுதல ரொனி. அவர் பேசினது என்னான்னு சிங்களத்துல எழுதிக் குடுக்கப் போறேன். அவர் குத்தம் செஞ்சிருந்தா என் எழுத்தே அவர உள்ள வைக்கும்."

"இந்த வீட்டுல ஒரு புள்ளய மண்ணுல வச்சு மூணு மாசந்தான் ஆச்சு."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சா இதத் தூக்கி எறியுங்க."

நானும் தம்பி பக்கம்தான் பேசினேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். "மேபல், ஒனக்கு என்ன பைத்தியமா? நம்ம புள்ள செத்ததைச் சொல்லி இந்த வேலையில இருந்து விலகிக்க. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"சொல்லத்தான் போறேங்க," என்றாள். "கோர்ட் விலகச் சொன்னா விலகுறேன். நானா விலக மாட்டேன். இந்த நேரத்துல ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்க எல்லாம் பயந்து விலகினா, அந்தத் துண்டுல உண்மையிலயே என்ன இருக்குன்னு யாரு சொல்றது?"

மறுநாள் ரொனி பையை எடுத்துக்கொண்டு, டவுனில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மேபல் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள்: என் கணவரின் சகோதரர் மகள் இந்தத் தாக்குதலில் இறந்தவர். இதை அறிந்தபின்னும் நான் இந்த வேலையைச் செய்யலாமா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். அடுத்த தவணையில் நீதிபதி அதை வாசித்துவிட்டு, எதிரிக் கூண்டில் நின்ற அரூஸின் சட்டத்தரணி ஸ்ரீதரனைப் பார்த்தார். ஸ்ரீதரன் இளைஞர். முகத்தில் தயக்கம் நன்றாகத் தெரிந்தது. கூண்டருகே போய் அரூஸோடு தணிந்த குரலில் பேசினார்.

நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அரூஸை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். மெலிந்த மனிதர். சட்டை தோளில் தொங்கியது. அவர் சட்டத்தரணிக்குச் சொல்லாமல் நேரே எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "ஐயா, எனக்குத் தமிழ் விளங்கிய ஒரு ஆள் வந்தாப் போதும். அவங்க எந்தக் கோயிலுக்குப் போறாங்க எண்டதப் பத்தி எனக்கொண்டுமில்ல. அவங்களே செய்யட்டும்."

இப்படித்தான் அந்த வேலை மேபலின் கைக்கு வந்தது.

அறையில் கதவைச் சாத்திவிட்டு அந்தத் துண்டைக் கேட்டோம். மின்விசிறி இரைச்சலுக்கு மேலே அரூஸின் குரல் கணீரென்று வந்தது.

"சிலையக் கும்புடுறவனோடயும் சிலுவையத் தூக்கிறவனோடயும் எங்களுக்குச் சாப்பாடுமில்ல, சலாமுமில்ல, சமாதானமுமில்ல. அவங்கட உசிரும் சொத்தும் எங்களுக்கு ஹலால். அவங்க கூடிய எடத்துல அவங்கள அழிக்கிறவனுக்குச் சொர்க்கம்…"

அத்தோடு முடிந்தது. ஹலால் என்றால் ஆகுமானது என்று எனக்கும் தெரியும். நதீஷா வெள்ளை உடுப்போடு பாட நிற்பது கண்முன் வந்தது. "இதுக்கு மேல என்ன வேணும்? எழுதிக் கையெழுத்துப் போடு" என்றேன்.

மேபல் காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். மறுபடி. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினாள். "சொர்க்கம்னு சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கு. நல்லாக் கேளுங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ கேட்டபோது பிடிபட்டது. 'சொர்க்கம்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு கணம், கத்தரித்த நூல்போல ஓர் எழுத்து. 'எ'.

"'எ'ங்க," என்றாள் மேபல். "அவங்க பேச்சுல 'எண்டு'ன்னு வரும். நம்ம 'னு'ன்னு சொல்றோமே, அது. அடுத்தவன் சொன்னதச் சொல்லிட்டு, 'எண்டு அவன் சொல்றான்'னு முடிப்பாங்க. தமிழ்ல யாரு சொன்னான்றது கடைசியிலதானே வரும். அந்தக் கடைசிய வெட்டிட்டாங்க."

"நீ நெனைக்கிற. 'என்னுடைய சகோதரர்களே'ன்னும் இருக்கலாமே?"

"இருக்கலாம். அதனாலதான் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை இரண்டே வரி. இந்த ஒலிப்பதிவு வாக்கியத்தின் நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது. முடியாத வாக்கியத்துக்குப் பொருள் இதுதான் என்று உறுதிசெய்ய என்னால் இயலாது.

வழக்கைக் கவனித்த பொலிஸ் அதிகாரி ஒருவர் மாடியேறி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இருக்கிற சொற்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், மிச்சம் உங்கள் பொறுப்பில்லை என்றார். மேபலும் மரியாதையாகவே, சிங்களத்தில், "மாத்தயா, உங்கள் வாக்குமூலத்தின் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு நான் மொழிபெயர்த்தால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டாள். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீதரன் முழுப் பதிவையும் கேட்டார். முழுப் பதிவு வேறெங்கும் இல்லை, அரூஸிடம் பறிமுதல் செய்த கைப்பேசியிலேயே இருந்தது. நாற்பத்தேழு நிமிடம். உறையில் முத்திரை வைத்துப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். முழுவதையும் உட்கார்ந்து கேட்க ஒருவருக்கும் நேரம் வாய்த்திருக்கவில்லை. அது எங்கள் கைக்கு வர ஒன்பது வாரம் ஆயிற்று.

அந்த ஒன்பது வாரமும் சுலபமாக இருக்கவில்லை. நீதிமன்ற வளவில் வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். பெயர் சொல்லாத ஒருவன் தொலைபேசியில் மேபலைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டான். எங்கள் கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "உங்க மிஸ்ஸஸ் கட்சி மாறிட்டாங்களாமே" என்றார் ஒருவர், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அப்படியில்லை என்று சொல்ல எனக்கே அப்போது நிச்சயம் இருக்கவில்லை.

முழுப் பதிவு வந்த அன்று மேபல் கொப்பியைத் திறந்து, நிமிடம், நொடி என்று கோடு கிழித்து வைத்துக்கொண்டாள். நிறுத்துவதும் ஓடவிடுவதும் என் வேலை. எட்டு நாள் அதிலேயே இருந்தோம். முதல் இருபது நிமிடம் அண்டைவீட்டாரின் உரிமை பற்றிய சாதாரணப் பிரசங்கம். பிறகு அரூஸின் குரல் மாறியது.

"எங்கட ஊருக்கு வெளிய இருந்து சில பேர் வாறாங்க. எங்கட புள்ளைகளத் தனிய ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துறாங்க. என்ன பாடம் தெரியுமா?" அதற்குப் பிறகுதான் நாங்கள் நூறு தடவை கேட்டிருந்த அந்த வரிகள். சிலை, சிலுவை, ஹலால், சொர்க்கம்.

"…சொர்க்கம் எண்டு சொல்லிக்குடுக்கிறாங்க! கேட்டுக்கோங்க. இது அல்லாஹ்ட மார்க்கமில்ல. றஸூலுல்லாஹ் காட்டின வழியுமில்ல. இதச் சொல்றவன் உங்கட புள்ளைய உங்கள்ட்ட இருந்து களவெடுக்க வந்தவன். அவன ஊட்டுக்குள்ள எடுக்க வாணாம்."

மேபல் கைகாட்டினாள். நான் நிறுத்தினேன். அவள் 'எண்டு' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள். அவ்வளவுதான். ஒரு சிரிப்பில்லை, ஒரு 'பார்த்தீங்களா'வும் இல்லை. "ம், விடுங்க" என்றாள்.

முப்பத்தோராம் நிமிடத்தில் பிரசங்கத்தின் நடுவே ஒருவன் எழுந்து கத்துகிறான். "நீங்க காபிர்களுக்குப் பயந்து பயான் பண்றீங்க! நீங்களே வழிதவறின ஆள்!" பள்ளிவாசலுக்குள் சலசலப்பு. அரூஸ், "தம்பி, நீங்க எந்த ஊரு? பேரென்ன?" என்று நிதானமாகக் கேட்கிறார். அவன் பெருமையோடு தன் பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியும், மே மாதம் பத்திரிகையில் வாசித்திருந்தோம். வெடிமருந்து ஒளித்து வைத்திருந்த வீட்டில் பிடிபட்டவர்களில் ஒருவன்.

அரூஸ் அவனுக்குச் சொன்ன பதிலும் பதிவில் இருந்தது. "நல்லது தம்பி. நீங்க செய்யிறதப் பத்தி நான் பொலிஸுக்கு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தீக்கிறேன். இன்னைக்கு ஊட்டுக்குப் போய் மூணாந்தரமும் எழுதுவேன். என்னைய என்ன வேணுமெண்டாலும் செய்ங்க. எங்கட புள்ளைகள விட்டுருங்க."

மேபல் பதிவின் திகதியைக் கொப்பியின் மேலே எழுதினாள். இரண்டாயிரத்துப் பதினெட்டு டிசம்பர். நான் விரல்விட்டு எண்ணினேன். நதீஷா போவதற்கு நான்கு மாதம் முன்பு.

அன்று ரயிலில் திரும்பி வரும்போது நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். மேபல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒன்ன கையெழுத்துப் போடச் சொன்னேனே மேபல்" என்றேன். "நீங்க மட்டுமா சொன்னீங்க," என்றாள், "எனக்கும் முதல் தரம் கேட்டப்ப அப்படித்தான் இருந்துச்சு."

விசாரணை நவம்பரில் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. அரூஸின் மனைவி ஸனா ஒரு பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். மறுபக்கத்தில், கதவோரம், ரொனி நின்றான். அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டும் காணாதவன்போல் நின்றான்.

மேபல் சாட்சிக் கூண்டில் ஏறி, வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்து, முழுப் பிரசங்கத்தையும் சிங்களத்தில் வாசித்தாள். தண்ணீர் குடிக்க ஒருமுறை நிறுத்தியதோடு சரி. 'எண்டு' வந்த இடத்தில் 'கியலா' என்று அழுத்தி வாசித்தாள். சிங்களத்திலும் அந்தச் சொல் கடைசியில்தான் வரும். நீதிபதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அந்தச் சொல்லைத் தானே மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். "நீங்கள் கத்தோலிக்கர். இதில் உள்ள அரபுச் சொற்கள் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு சொல் இருக்கிறது," என்றாள் மேபல். "ஏழுக்குப் பேச்சாளரே பேச்சுக்குள் அர்த்தம் சொல்லியிருக்கிறார், அதை எழுதியிருக்கிறேன். மிச்ச நான்கையும் அப்படியே விட்டு, பக்கத்தில் 'எனக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன்."

"உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளையை இழந்திருக்கிறீர்கள். இந்த மனிதர்மேல் உங்களுக்கு இரக்கம் வந்துவிட்டதா?"

மேபல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். "என் பிள்ளையைக் கொன்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியவேண்டும். பிழையான ஆளைப் பிடித்துத் தந்தால் சரியான ஆள் வெளியே இருப்பான். என் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது சரியாக மொழிபெயர்ப்பதுதான்."

எத்தனையோ ரயில்களுக்கு நான் கொடி காட்டியிருக்கிறேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த நிமிடம் அந்தக் கூண்டில் நின்ற, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பேசிய, ஐந்தடி உயரமும் இல்லாத அந்தப் பெண் என் மனைவி என்று எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரிடம் மெதுவாகச் சொன்னேன். "என் வைஃப்." அவர் தலையாட்டினார்.

அன்றே பிணை கிடைத்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சட்டமா அதிபரின் ஆலோசனைப்படி வழக்கையே விலக்கிக்கொண்டார்கள். அரூஸ் மறுபடி பாடசாலைக்குப் போனார். ஊரில் சிலர் இன்னமும் அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கத்துக்குப் போகிறார்கள் என்று கேள்வி. சிறையில் போன ஆறு மாதம் போனதுதான், அதற்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பிணை கிடைத்த அன்று வளவில் ஸனா ஓடிவந்து மேபலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மிஸ்… மிஸ்…" என்றபடியே நின்றார். பின்னால் அரூஸ் வந்தார். அப்போதுதான் ரொனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னே போய் நின்றான். நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"செத்துப்போன நதீஷாவோட அப்பா நான்," என்றான் ரொனி.

அரூஸ் தலைகுனிந்தார். "தெரியும். உங்கட கதைய பேப்பர்ல வாசிச்சேன்."

"மூணாவது தரம் எழுதினீங்களா?"

"அண்டைக்கே எழுதினேன். ஜனவரி மாசம் நானே கொண்டு போய்க் குடுத்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பார்ப்பம் எண்டாங்க."

ரொனி அவருடைய கையைத் தொட்டான். பிடித்தான் என்று சொல்ல முடியாது, தொட்டான். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

பத்து நாளைக்குப் பிறகு கண்டி அறைக்கு அவனே வந்தான். தாடி மழித்திருந்தான். மேபல் வழக்கப்படி கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் உட்காராமல், "அண்ணி, ஒரு கடிதம் எழுதணும். நான் தமிழ்ல சொல்றேன், நீங்க சிங்களத்துல எழுதுங்க" என்றான்.

"உக்காந்து சொல்லுப்பா."

உட்கார்ந்தான். நான் தேத்தண்ணீர் சொல்லப் படியிறங்கினேன். திரும்பி வரும்போது அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஓர் ஆசிரியர் மூன்று தரம் எழுதிய முறைப்பாடு யார் மேசையில் கிடந்தது, ஏன் கிடந்தது என்று அறிய விரும்புகிறேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. மேபல் ஒவ்வொரு வரியையும் எழுதி, அவனுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லி, அவன் தலையாட்டியபின் அடுத்த வரிக்குப் போனாள். ஓர் இடத்தில் அவன் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லுக்குச் சிங்களத்தில் சரியான சொல் தேட அவளுக்குக் கால் மணித்தியாலம் ஆயிற்று. மட்டுப்படுத்தவில்லை, கூட்டவும் இல்லை.

கடைசியில் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டாள்.

"நதீஷாவின் தகப்பன்னு போடுங்க," என்றான் ரொனி.

இதுவரை நான்கு கடிதம் போயிருக்கிறது. இரண்டாவது கடிதத்திலிருந்து அரூஸும் கையெழுத்துப் போடுகிறார். அதற்காகவே கலகெதரயிலிருந்து பஸ் ஏறி வருவார், சில நாள் ஸனாவும் வருவார். மேல்மாடியில் கதிரை போதாமல் நான் நிற்பேன். நீங்கள் கேட்ட விடயம் கவனிக்கப்படுகிறது என்று ஒரேயொரு பதில் வந்தது. அதை மேபல் தமிழில் வாசித்துக் காட்டினாள். ரொனி ஐந்தாவது கடிதத்துக்கு முதல் வரியைச் சொல்லத் தொடங்கினான்.